வானத்தில் 1 மணி. மலையில் 3 மணி!

சென்னையில் இருந்து சேலம் எவ்வளவு தூரம்? ரோட்டு வழியாக சுமார் 340 கிலோ மீட்டர். பிளேனில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். பெல்ட்டை மாட்டி, ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் "சேலம் வந்தாச்சு, இறங்குங்க" என்பார்கள்.

"உடான்" திட்டத்தில் 2018 மார்ச்சில் விடப்பட்ட விமானம் இது. ஒரு மணி நேரப் பயணம் என்றால், பாதி சீட்டுகளுக்கு டிக்கெட் 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2016-ல் திட்டம் போட்டார்கள். கம்பெனிக்குக் கையைக் கடித்தால் சர்க்கார் ஈடுகட்டும். இடையில் நின்றுபோன சர்வீஸ், 2023 அக்டோபரில் மறுபடி பறந்தது. நல்ல காரியம்தான். வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?

சரி, அந்த விமானத்தில் போனவர், பக்கத்து தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குப் போகவேண்டும் என்று வையுங்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இறங்கி, தர்மபுரி வழியாக மலை அடிவாரம் வரை கார் போகும். அதற்கு மேல்? ஏழெட்டு கிலோ மீட்டர் நடராஜா சர்வீஸ்! கல்லும் முள்ளுமான ஏற்றம். பழக்கம் இல்லாத பட்டணத்துக் காலுக்கு மூணு மணி நேரம் பிடிக்கும்.

340 கிலோ மீட்டருக்கு ஒரு மணி. ஏழெட்டு கிலோ மீட்டருக்கு மூணு மணி. எப்படி இருக்கிறது கணக்கு?

கழுதை மேல் ஓட்டு மெஷின்

2024 பாராளுமன்றத் தேர்தலில் இந்த மலைக்கு ஓட்டு மெஷின் கழுதை முதுகில்தான் போயிற்று. முந்தைய தேர்தல்களிலும் இதே கதைதான். போட்டோ எடுத்துப் போட்டார்கள். ஊரே பார்த்துச் சிரித்தது.

மெஷினுக்குக் கழுதை கிடைத்தது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு? தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் சுமக்க வேண்டியதுதான்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததை மறக்க முடியுமா? ஒன்றரை வயசுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேத பரிசோதனை முடிந்து திரும்பியபோது, ரோடு முடிந்த இடத்தில் ஆம்புலன்சும் நின்றுவிட்டது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர் வேலூர். இருந்து என்ன பிரயோஜனம்?

சட்டம் இருக்கிறதே!

"காட்டு நிலம், ரோடு போட முடியாது" என்று கையை விரிப்பது அதிகாரிகளுக்கு வழக்கம். 2006 வன உரிமைச் சட்டத்தைப் புரட்டட்டும். கிராம சபை சொன்னால், ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தில் ரோடு போட அதில் வழி இருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, அவ்வளவுதான். 3 மீட்டர் அகலத்தில் போட்டால் 3 கிலோ மீட்டருக்கு மேலேயே வரும். அதைவிட நீளம் என்றால் மத்திய சர்க்காரிடம் அனுமதி கேட்கவேண்டும். கேட்க வேண்டியதுதானே?

ரோடு இல்லாத மலை கிராமங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் பைலும் யார் மேஜையில் எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று மாவட்டவாரியாக பட்டியல் போட்டு ஒட்டட்டும். ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த தேர்தலுக்காவது மெஷின் ஜீப்பில் போகட்டும். பாவம், கழுதைகளுக்கும் ஓய்வு வேண்டாமா?