தண்டவாளமும் ஒரு பாடநூல்தான்

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் குடியிருக்கும் எனக்கு இரயில் ஓசைதான் கடிகாரம். சித்திரை வெயிலில் ஒருநாள் பாதையோரத் தெருவில் நடந்து கொண்டிருந்தேன். உடன் வந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒரு கேள்வி கேட்டான். "சூடானால் இரும்பு விரியும், அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள் என்று படித்தோமே சார்! இங்கே இடைவெளியையே காணோமே?"

நல்ல கேள்வி. அந்த இடைவெளி பழைய பாதைகளுக்கு உரியது. இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து, நெடுந்தொலைவுக்கு ஒரே துண்டாக்கி விடுகிறார்கள். 1 கி.மீ. நீள எஃகு 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 36 செ.மீ. நீள வேண்டும். ஆனால் சிலீப்பர்களும் ஜல்லியும் அதை நீளவிடாமல் இறுகப் பிடித்துக் கொள்கின்றன. நீள முடியாத எஃகினுள் அழுத்தம் ஏறுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் இந்த விசை ஏறத்தாழ 55 டன் எடைக்குச் சமம்! யங் குணகம் படித்தவர்கள் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

ஜல்லி தளர்ந்திருந்தால் வெயிலில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். குளிரிலோ இழுவிசை மிகுந்து சிறு விரிசல் பிளவாகலாம். இரண்டுமே உயிர்ச்சேதத்தில் முடியக்கூடியவை. ஆகவே நடுத்தரமான ஒரு வெப்பநிலையில் இவ்விசை சுழியாக இருக்குமாறு பாதையை அமைக்கிறார்கள். ஆனால் வண்டிகள் ஓட ஓட அந்த நடு வெப்பநிலை மாறிவிடுகிறது. தண்டவாளத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் தகைவைத் துல்லியமாக அளப்பது எப்படி? உலகெங்கும் ஆய்வாளர்களை உழைக்க வைக்கும் கேள்வி இது.

இத்தகைய கேள்விகளுக்கு விடை காணும் பொறுப்பு யாருடையது? இரயில்வேக்கு லக்னோவில் 1957 முதல் ஆராய்ச்சி அமைப்பு உள்ளது. வடோதராவில் 2018இல் தொடங்கிய இரயில் கல்வி நிறுவனம் 2022இல் கதி சக்தி என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. நமக்கு அருகே தையூரில், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், இரயில்வேயின் நிதியுதவியோடு 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் எழுந்துள்ளது. இவை யாவும் பாராட்டத்தக்கவை. ஆனால் இவை மட்டும் போதா என்பதே என் கருத்து.

சீனாவில் 1896இலேயே இரயில்வேக்கென ஒரு கல்லூரி தோன்றியது. இன்று அது தென்மேற்கு ஜியாவ்தோங் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. நாமோ பெரம்பூரில் 2018இல் 'வந்தே பாரத்' இரயிலை வடிவமைத்துப் பெருமை கொண்டோம். ஆயினும் 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் அதன் சக்கரங்கள் வந்து சேர்வது தடைப்பட்டது. தொழிற்சாலையை விரைவில் கட்டிவிடலாம். எஃகைப் பற்றிய அறிவோ தலைமுறை தலைமுறையாக வளர்க்க வேண்டியது.

அதற்கு ஒன்றிரண்டு பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சி போதாது. தாம்பரத்தில் மின்தொடர் வண்டிகளின் பணிமனை இருக்கிறது. சுற்றிலும் கல்லூரிகள் பல இருக்கின்றன. இடையில் நிற்பது ஒரு மதிற்சுவர்தான்! இயற்பியல் மாணவர் சக்கரத் தேய்மானத்தை அளக்கட்டும். மின்னணுவியல் மாணவர் தண்டவாள வெப்பநிலையைப் பதியும் கருவி செய்யட்டும். இரயில்வேப் பொறியாளர் வாரம் ஒருநாள் கல்லூரிக்கு வந்து வகுப்பெடுக்கட்டும். என்னைப் போன்ற ஆசிரியரும் விடுமுறையில் பணிமனைக்குச் சென்று கற்க வேண்டும்.

"ஆபத்தான இடத்தில் மாணவருக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான அச்சமே. ஆனால் மருத்துவ மாணவர் நோயாளியைக் காணாமலா மருத்துவராகிறார்? மூத்தவர் கண்காணிப்பில், முறையான அனுமதியோடு கற்பதுதான் பயிற்சி. நாள்தோறும் மைல் கணக்கில் நடந்து பாதையைச் சோதிக்கும் தொழிலாளியின் காதும் கண்ணும் அறிந்தவை பல. அவை எந்த நூலிலும் ஏறவில்லை. அவரும் நமக்கு ஆசிரியரே.

நண்பர்களே, அனுமதியின்றித் தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள். ஆனால் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் ஏறிச் செல்லும் வண்டி இது. அதைக் காக்கும் அறிவு நம் ஊர்க் கல்லூரிகளிலும் வளரட்டும்.