‘தூண்டில் வளைவு’ன்னா என்ன? கடற்கரை பாடத்தைக் கடற்கரையிலேயே நடத்தலாமே!

‘தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் சாலை மறியல்.’ இந்தத் தலைப்பை நீங்க எத்தனை முறை ஸ்க்ரோல் பண்ணிக் கடந்திருப்பீங்க? டெஸ்க்கில் உட்கார்ந்து அந்தச் செய்தியை அப்லோட் செய்யும் எனக்கே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூண்டில் வளைவு என்றால் என்னவென்று தெரியாது.

இத்தனைக்கும் நான் படித்த பள்ளியிலிருந்து கடல் மூன்றே கிலோமீட்டர். கடல் ஓங்கல், கடல் தூண், மணல் திட்டு எல்லாவற்றையும் படம் வரைந்து, பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால், புவியியல் பாடத்துக்காக ஒருநாள்கூட எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனதில்லை. டூர் என்றால் தீம் பார்க்தான்!

மணலும் நடக்கும்

அலை எப்போதும் கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக வரும். வரும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும்போது நேராகக் கீழே இழுக்கும். இப்படியே மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். நம் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் அது வடக்கே போகிறது; வடகிழக்குப் பருவமழை காலத்தில் தெற்கே திரும்புகிறது. வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால், வடக்கே போவதுதான் அதிகம்.

குறுக்கே ஒரு சுவர் வைத்தால்? தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்குப் பக்கம் மணல் வராமல் கரை கரையும். 1870-களில் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு நடந்தது இதுதான். நாம செல்ஃபி எடுக்கும் மெரினாவின் அகலமான மணல்பரப்பு, துறைமுகத்துக்குத் தெற்கே சேர்ந்த மணல். அதே கணக்கின் மறுபக்கம்தான் ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலரிப்பு.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்புதான் தூண்டில் வளைவு. அது ஒரு குப்பத்துக்கு மணலைப் பிடித்துத் தரும். ஆனால், அடுத்த குப்பத்துக்குப் போகவேண்டிய மணலும் அதுதான். இந்த ஊருக்குக் கல் கொட்டினால், கொஞ்ச நாளில் அடுத்த ஊர் மறியலுக்கு வருவது ஏன் என்று இப்போ புரியுதா?

ஆரஞ்சுப் பழமும் அளவு நாடாவும்

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ புவியியலில் களப்பணி கட்டாயம். குறைந்தது இரண்டு முறை வகுப்பறைக்கு வெளியே போயாக வேண்டும். கடற்கரைக்குப் போகும் மாணவர்கள் செய்வது ரொம்ப சிம்பிள். ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தண்ணீரில் வீசி, அது 10 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில், எந்தத் திசையில் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். தடுப்பின் இரண்டு பக்கமும் மணல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கிறார்கள். ஊர்க்காரர்களிடம் கேள்வி கேட்கிறார்கள்.

அங்கே பல பாடப்புத்தகங்களில் வரும் ஊர், ஹோல்டர்னஸ் கரையில் உள்ள மேப்பிள்டன். 1991-ல் அங்கே இரண்டு கல் தடுப்புகள் அமைத்தார்கள். ஊரும் சாலையும் தப்பின. தெற்கே இருந்த விவசாய நிலத்தில் அரிப்பு வேகமெடுத்தது. ‘யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது?’ என்று அந்த மாணவர்கள் விவாதிக்கிறார்கள்.

நமக்கு மேப்பிள்டன் எதுக்கு? புதுச்சேரி இருக்கே! 1980-களின் இறுதியில் துறைமுக அலைத்தடுப்புகள் வந்தன. நகரத்தின் மணல் கடற்கரை காணாமல் போனது. கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே நகர்ந்து, தமிழகப் பகுதியான கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. 2018-ல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, அங்கே மறுபடி மணல் சேர்ந்தது. பிரச்சினை, தவறான தீர்வு, மாற்றுத் தீர்வு மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

‘ரிஸ்க் யார் எடுப்பது?’

ஆசிரியர்களின் தயக்கம் நியாயமானதுதான். மெரினாவில் மூழ்கிச் சாகும் மாணவர்கள் பற்றிய செய்தியையும் நான்தான் அப்லோட் செய்கிறேன். அதனால் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். மணலின் அகலத்தை அளக்க, கரையில் நின்று ஆரஞ்சைப் பார்க்க, நனைய வேண்டிய அவசியமே இல்லை. கூடவே ஊரைச் சேர்ந்த மீனவர் ஒருவரை, உரிய சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளலாம். எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவரைவிட நன்றாக யார் சொல்லப்போகிறார்?

‘போர்ஷன் முடியாது’ என்பது அடுத்த பதில். வருஷத்துக்கு இரண்டு அரைநாள் போதும்: ஒன்று மழைக்கு முன், ஒன்று மழைக்குப் பின். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு போட்டோவும் எடுக்கட்டும். 2017-ல் சிட்னியில் தொடங்கிய ‘கோஸ்ட்ஸ்நாப்’ திட்டம், பொதுமக்கள் இப்படி எடுக்கும் மொபைல் படங்களை வைத்தே கரை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. பத்து பேட்ச் மாணவர்கள் எடுத்தால் ஒரு பள்ளியிடம் பத்து வருஷ ஆவணம் இருக்கும்.

இது மார்க் விஷயம் மட்டுமில்லை

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலம் இது. புதுத் துறைமுகம் வேண்டுமா, எங்கே கல் கொட்டுவது, எந்தக் குப்பத்தை இடம் மாற்றுவது என்ற கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது, முன்னூறு பக்க அறிக்கையோடு ஒரு தரப்பு வரும். இடிந்த வீட்டின் போட்டோவோடு இன்னொரு தரப்பு வரும். இரண்டையும் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் நடுவில் வேண்டாமா?

என் வகுப்பில் குப்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஐந்து மார்க் படத்தை எங்களைவிட அவர்களால் நன்றாக விளக்கியிருக்க முடியும். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அடுத்த பேட்சிலாவது கேட்கலாம். அதற்கு ஒரு அளவு நாடாவும், ஒரு ஆரஞ்சுப் பழமும், அரைநாள் பர்மிஷனும் போதும்.