கயிற்றில் தொங்கிய நாவல்கள்

காதல் கதையும் துப்பறியும் கதையும் அமானுஷ்யக் கதையும் பொழுதுபோக்குக் குப்பை என்று ஒதுக்குவது நியாயமே அல்ல. 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தபோதே தமிழில் மர்ம நாவலுக்கு வாசகர்கள் திரண்டார்கள். பின்னாளில் பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டிக் கயிற்றில் தொங்கிய மாத நாவல்கள், பழுப்புத் தாளும் பளபளக்கும் அட்டையுமாக, பெரிய புத்தகக் கடை எட்டாத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. உத்தமபாளையத்தில் பேருந்து ஏறினால் தேனி போய்ச் சேர்வதற்குள் ஒரு அத்தியாயத்தை முடித்துவிடலாம்.

எல்லாம் ஒரே அச்சு என்பார்கள். பாதி உண்மைதான், ரமணிசந்திரனின் காதல் கதைகளின் முடிவுகளை முன்பே ஊகிக்க முடியும். ஆனால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நடந்தது பேயா, விஞ்ஞானமா என்ற கேள்வியைக் கடைசிவரை திறந்தே வைக்கிறது. அந்தத் துணிச்சலை எந்தத் தராசில் குறைத்து எடைபோடுவது? ராஜேஷ்குமார் ஒருவரே 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். ஆனால் இவை அச்சான மலிவுத் தாள் சீக்கிரம் பொடியாகும்; காப்பாற்ற நூலகம்தான் வழி. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் தமிழ்நாடு. நம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் இந்த நாவல்களையும் தேடி வாங்கி, பைண்டு செய்து, கிளை நூலக அலமாரியில் வைக்க வேண்டும்.