துணை விமானியின் சொல் அம்பலம் ஏறட்டும்

மங்களூருவில் 2010 மே 22 அன்று, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். பிழைத்தவர்கள் 8 பேர்தான். விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வருவதைக் கண்ட துணை விமானி மூன்று முறை ‘கோ அரவுண்ட்’ என்றார். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள் என்று பொருள். கேப்டன் செவிசாய்க்கவில்லை. துணை விமானியும் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கேப்டன் செர்பிய வம்சாவளியினர், துணை விமானி இந்தியர். இருவருக்கும் பண்பாடு வேறு, பேசும் முறை வேறு என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது எளிது. ஆனால், பத்தாண்டு கழித்து கோழிக்கோட்டில் நடந்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது. 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில் வந்த அதே நிறுவனத்தின் விமானத்தில் இரு விமானிகளும் இந்தியர்கள். 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகே சக்கரம் தரை தொட்டது. துணை விமானி முதலில் ‘கொஞ்சம் பாருங்கள்’ என்கிற அளவில் பேசினார். பிறகு ‘கேப்டன்’ என்று தயங்கினார். அதற்கும் பிறகுதான் ‘கோ அரவுண்ட்’ வந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். இருவருக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு மிகுந்திருந்ததால், ஆபத்தை நன்கு உணர்ந்தும் துணை விமானி கட்டுப்பாட்டை எடுக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை.

ஆசியர்கள் மூத்தவரை மறுத்துப் பேச மாட்டார்கள் என்ற வாதம் மேலை நாடுகளில் பிரபலம். பாதி உண்மைதான். ஆனால், 1977இல் டெனெரிஃப் தீவில் 583 உயிர்களைப் பலிகொண்ட விமான மோதலில், அனுமதி கிடைக்குமுன் விமானத்தைக் கிளப்பியவர் டச்சுக்காரர், கே.எல்.எம். நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். எதிரே பான் அமெரிக்கன் விமானம் ஓடுபாதையிலிருந்து இன்னும் விலகவில்லையோ என்று அவருடைய விமானப் பொறியாளர் கேட்டார். ‘விலகிவிட்டது’ என்று ஒரே சொல்லில் அடக்கப்பட்டார். முகத்துக்கு நேரே பேசுவதில் பெயர்பெற்ற நாடு நெதர்லாந்து! மாறாக, 1997இல் குவாமிலும் 1999இல் லண்டன் அருகிலும் விமானங்களை இழந்த கொரியன் ஏர், வெளிநாட்டு வல்லுநர்களை அழைத்துப் பயிற்சியைத் திருத்தியது. 1999க்குப் பிறகு அதன் விமான விபத்தில் ஒரு பயணிகூட இறக்கவில்லை. விமானிகளில் பெரும்பாலோர் அதே கொரியர்கள்தாம்.

ஆகவே கோளாறு இரத்தத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் பயிற்சிக் கூடத்தில் தொடங்குகிறது. பல லட்சம் கடன் வாங்கிப் படிக்க வரும் பிள்ளைக்கு, பக்கத்தில் அமர்ந்து அதட்டும் பயிற்றுநரின் ஒரு கையெழுத்துதான் வாழ்க்கை. ‘யெஸ் சார்’ என்பதையே அவன் முதலில் கற்கிறான். அப்படி வளர்த்தவனிடம், தரையைத் தொட முப்பது விநாடி இருக்கும்போது கேப்டனை மீறு என்றால் எப்படி மீறுவான்? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதால்தானே விமானத்தில் இரண்டாவது இருக்கையே வைத்திருக்கிறோம்?

மங்களூரு விபத்தை விசாரித்த ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான குழு, இறங்குவதைக் கைவிடத் துணை விமானிக்கு உள்ள அதிகாரம் பற்றிய விதிகளே தெளிவாக இல்லை என்று அப்போதே சுட்டியது. பத்தாண்டு கழித்துக் கோழிக்கோடும் அதே இடத்தில் வந்து நின்றது. தனியே ஒரு வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதால் இது தீராது.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் செய்ய வேண்டியது இதுதான். இரு விமானிகளில் யார் ‘கோ அரவுண்ட்’ என்றாலும் விமானம் மேலேறியாக வேண்டும், விவாதம் பிறகு. இரண்டு முறை சொல்லியும் அசையாவிட்டால் துணை விமானி கட்டுப்பாட்டை எடுப்பது கடமை என்று ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சிமுலேட்டர் தேர்விலும் கேப்டன் வேண்டுமென்றே தவறு செய்யட்டும். துணை விமானி தடுக்கிறாரா என்று பாருங்கள். துணை விமானி சொல்லியும் கேளாத கேப்டனை, அவருக்கு எத்தனை ஆயிரம் மணி நேர அனுபவம் இருந்தாலும், அந்தத் தேர்விலேயே தோல்வியுறச் செய்யுங்கள்.