கேஷும் காசும்

பெங்களூருவின் வங்கிக் கிளைகளில் 'கேஷ்' என்னும் பலகையைக் காணும்போது, "இது நம் 'காசு' அன்றோ!" என்று பெருமிதம் கொள்ளும் தமிழர் பலர். ஒலி ஒற்றுமை அவ்வாறு எண்ணச் செய்கிறது. ஆயினும், கணக்கேட்டைச் சரிபார்த்துப் பழகிய நாம் சொல்லின் வரலாற்றையும் சரிபார்த்துக்கொள்வது நன்று.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது ஒரு சொல் அன்று; இரண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் சொல், பெட்டி எனப் பொருள்படும் 'காப்சா' என்னும் இலத்தீனச் சொல்லின் வழிவந்தது. முதலில் பணப்பெட்டியையும், பின்னர் அதிலுள்ள பணத்தையும் அது குறித்தது. நமக்குப் பணம் எண்ணித் தரும் 'கேஷியர்' இக்குடும்பத்தவரே. படைப்பணியிலிருந்து ஒருவரை இழிவோடு நீக்குவதைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினைச்சொல்லோ, 'உடைத்தல்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டிற்கும் உறவில்லை.

மற்றொரு 'கேஷ்'தான் நம்முடையது. நம் காசு போர்த்துகீசியர் நாவில் திரிந்து, ஆங்கிலேயரிடம் சென்று, சிறு செப்பு நாணயத்தின் பெயராயிற்று. சீனத்தின் சதுரத்துளை நாணயங்களையும் அவர்கள் அப்பெயராலேயே அழைத்தனர். சென்னை மாகாணத்தில் 1818 வரை 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வெளியிட்ட 20 காசு செப்பு நாணயத்தில், ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றும் கன்னடத்தில் 'காசு' என்றும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆகவே, வங்கிப் பலகையிலுள்ள 'கேஷ்' நம் சொல் அன்று. இதனால் தமிழின் பெருமை சிறிதும் குறைவதில்லை. உரிமையில்லாத தொகையை நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள நாம் இசையோம். சொல்லிலும் அந்த நேர்மை வேண்டும். உண்மையாகவே நமக்குரியது சிறிதன்று. அதுவும் நமக்கு மட்டும் உரியதன்று. நம் காசு கன்னடத்திலும் காசுதான். நம் பணம் அங்கே 'ஹண'. நம் ரொக்கம் 'ரொக்க'. தொலைவிலுள்ள ஆங்கிலத்தோடு உறவு தேடுமுன், முகப்பின் மறுபுறம் அமர்ந்திருக்கும் கன்னட அலுவலரோடு நமக்குள்ள இந்த உறவை அறிந்து மகிழ்வதே இந்நகரில் வாழும் தமிழர்க்கு அழகு என்பது என் கருத்து.