கடை திறந்தாலே ஆகும் செலவு எவ்வளவு?

கடைச் செலவு எவ்வளவு என்று கேட்டால், "நூற்றுக்கு எட்டு ரூபாய்" என்று வாய்க்கணக்காகச் சொல்வது நம் வணிகர்களின் வழக்கம். விற்பனை குறைந்தால் செலவும் அதே அளவில் குறையும் என்று நம்பியே ஆடி மாதத்தைத் தைரியமாக எதிர்கொள்கிறோம். இந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து.

வாடகையும் வேலையாட்களின் மாதச் சம்பளமும் வியாபாரத்தைப் பார்த்து வருவதில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, காகிதப் பை போன்றவைதான் விற்பனையோடு கூடிக் குறையும். பேரேட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மின்கட்டணமோ இரண்டிலும் சேரும்.

ஜி.எஸ்.டி.க்காக வாங்கிய கம்ப்யூட்டரே இதைப் பிரித்துத் தரும். எக்செல்லில் ஒரு பத்தியில் மாத விற்பனையையும் அடுத்ததில் செலவையும் போடுங்கள். உதாரணமாக, விற்பனை 4, 5, 6, 7 லட்சம், செலவு ரூ.38,000, 41,000, 47,000, 50,000. 'இன்டர்செப்ட்' என்ற சூத்திரத்தில் முதலில் செலவுப் பத்தியையும் பிறகு விற்பனைப் பத்தியையும் கொடுத்தால் ரூ.20,900 என்று விடை வரும். இதுதான் நிலைச்செலவு. 'ஸ்லோப்' சூத்திரம் நூறு ரூபாய் விற்பனைக்கு ரூ.4.20 என்று காட்டும். பத்திகளை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் கழித்தல் குறியோடு நாலே முக்கால் லட்சம் வந்து மிரட்டும். பயப்பட வேண்டாம், மாற்றிப் போடுங்கள்.

சரக்கில் நூற்றுக்குப் பத்து ரூபாய் கிடைக்கும் கடையில் விற்பனை 3 லட்சமாக இறங்கினால், வாய்க்கணக்குப்படி ரூ.6,000 மிஞ்ச வேண்டும். உண்மையில் செலவு ரூ.33,500, வரவு ரூ.30,000. கையை விட்டு ரூ.3,500 போகும். ஏறத்தாழ ரூ.3,60,000 விற்றால்தான் கட்டுப்படியாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓட்டல்காரர் ஐந்து ரூபாய் லாபத்தில் மொத்தமாகச் சரக்குக் கேட்டால், செலவே எட்டு என்று அனுப்பிவிடுகிறோம். கூடுதல் விற்பனைக்கு ஆகும் செலவு ரூ.4.20 தானே! 80 காசு நிற்கும். அவர் கடன் சொன்னால் அது வேறு கதை.

நாலு மாதக் கணக்கு விளக்கத்துக்குத்தான். குறைந்தது பன்னிரண்டு மாதம் வேண்டும். வீட்டுச் செலவைச் சேர்க்காதீர்கள். வாடகை உயர்வதற்கு முந்திய மாதங்களையும் பிந்திய மாதங்களையும் ஒன்றாகப் போடாதீர்கள். தீபாவளி மாதம் கோட்டையே இழுத்துவிடும் என்பதால் அதைச் சேர்த்து ஒரு முறையும் விட்டு ஒரு முறையும் போட்டுப் பார்ப்பது நல்லது.