வழக்குரையில் தமிழ் எங்கே?

நிலத்தைப் பறிகொடுத்த உழவர் ஒருவர் உரிமையியல் மன்றத்தை நாடுகிறார். அவர்பொருட்டு வழக்குரை எழுதப்படுகிறது. 'ஷை தாவா சொத்தானது வாதியின் பூர்வீக பாத்தியத்திலும் ஏகபோக சுவாதீன அனுபவத்திலும் இருந்து வருகிறபடியால்' என்று தொடங்கும் சொற்றொடர், மூச்சுமுட்ட ஒரு பக்கம் ஓடி, 'பிரார்த்திக்கிறார்' என்று முடிகிறது. எழுத்து தமிழெழுத்து, அவ்வளவே! தாவாவும் வக்காலத்தும் ஜப்தியும் அரபுவழி வந்தவை, தஸ்தாவேஜு பாரசீகம், பாத்தியமும் சுவாதீனமும் பிரதிவாதியும் வடமொழி. 'மேற்படி' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லைச் சுட்டவும் 'ஷை' என்று ஒரு வடவெழுத்து வேண்டியிருக்கிறது போலும்! நவாபும் போனார், வெள்ளையனும் போனான். அவர்தம் எழுத்தர் விட்டுச்சென்ற எச்சில் மட்டும் போகவில்லை.

இது மொழிக்கு நேர்ந்த இழுக்கு மட்டுமன்று. அவ்வுழவர்க்கு நேரும் கேடு. வழக்குரையின் அடியில் வழக்காடுவார் உறுதியுரை தந்து ஒப்பமிட வேண்டும் என்கிறது, 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் கட்டளை, 15ஆம் விதி. தாமே அறிந்தவை எந்தெந்தப் பத்தியில் உள்ளன, பிறர் சொல்லக்கேட்டு உண்மையென நம்பியவை எந்தெந்தப் பத்தியில் உள்ளன என்று எண்சுட்டிப் பிரித்துக் காட்டவும் வேண்டும். படித்தாலும் விளங்காத ஒன்றை அவர் எங்ஙனம் பிரித்துக் காட்டுவார்? எழுத்தர் விரல்வைத்த இடத்தில் ஒப்பமிடுகிறார். பின்னர்க் கூண்டில் ஏறும்போது, எதிரணி வழக்கறிஞர் அதே ஒப்பத்தை நீட்டி, 'இது நீர் சொன்னதுதானே?' என்று மடக்குகிறார்.

'சட்டச்சொல்லை மாற்றினால் வழக்குக் கெடும்' என்பார் உளர். எந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது? அதே கட்டளையின் 2ஆம் விதி கேட்பது வேறு. இன்றியமையா நிகழ்வுகளை மட்டும் சுருங்கச் சொல்க. சான்றுகளை அதில் அடுக்கற்க. கூற்றுகளை எண்ணிட்ட பத்திகளாகப் பிரித்து எழுதுக. நாளையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் தருக என்பதே அது. தாவா என்றுதான் எழுத வேண்டுமென அதில் ஒரு வரியும் இல்லை. 'இந்நிலம் வழக்காளியின் உடைமை. அவரே உழுது பயன்கொண்டு வருகிறார்' என்று எழுதினால் எந்த முறைமன்றம் திருப்பி அனுப்பும்? வக்கீல் வழக்கறிஞர் ஆனார். மாஜிஸ்திரேட்டு நடுவர் ஆனார். அதனால் எவர் வழக்கும் தோற்கவில்லை. வழக்குரை என்னும் சொல்லையும் எவரும் புதிதாய்ப் புனைய வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் 20ஆம் காதைக்கு அதுவே பெயர். ஆங்கே கண்ணகி, தன் வழக்கைத் தன் வாயால், மன்னனுக்கும் மன்றுக்கும் விளங்கும் மொழியில் சொன்னாள், சிலம்பைச் சான்றாக வைத்தாள், வென்றாள்.

உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமென 2006இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்சமுறைமன்றம் அதனை ஏற்க மறுத்தது. இராசசுத்தானம், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்முறைமன்றங்களிலோ இந்திக்கு இடமுண்டு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு! இதனைத் தட்டிக்கேட்கத்தான் வேண்டும். ஆயினும், கீழமை மன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுத 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே வழிதிறந்துவிட்டது. அங்கே 'ஷை' எழுதச் சொல்வது தில்லியன்று. தமிழ வழக்கறிஞர் தம் அறையில், தம் எழுதுகோலால், தாமே எழுதுவது அது.